இரவில் அரண், பகலில் பாய்ச்சல்: வெஸ்னாத்தில் கணினியோடு பொருதிய பன்னிரண்டு ஆண்டுகள்

பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவிய நாளில், விலையில்லாமல் கிடைக்கும் விளையாட்டுகளின் பட்டியலில் கண்ணில் பட்டது ‘தி பேட்டில் ஃபார் வெஸ்னாத்’. டேவிட் வைட் என்பவர் தொடங்கி 2003ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டு, 2005ஆம் ஆண்டில் 1.0 பதிப்பை எட்டிய இந்தத் திறந்தமூல விளையாட்டை, அதன் பிறகு மூன்று கணினிகளை மாற்றியும் நான் விடவில்லை. இணையத்தில் பிறரோடு மோதியது மிகக் குறைவு. பெரும்பாலும் இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம், கணினியே எதிராளி. ஆகவே இந்தப் பகிர்வில் ஆட்டத்தின் கதையையோ ஓவியங்களையோ பற்றி எதுவும் இராது. அந்த எதிராளி எதைப் பார்த்து முடிவெடுக்கிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

ஆடியிராதவர்களுக்காகச் சில வரிகள். இரு தரப்பும் முறைவைத்துப் படை நகர்த்தும் போர் ஆட்டம் இது. களம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. அடி படுமா படாதா என்பதை, அடி வாங்குபவர் நிற்கும் நிலமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சாதாரண மனித வீரர் கோட்டையிலோ ஊரிலோ நின்றால் 60 விழுக்காடு தப்பிக்கிறார். வெட்டவெளியில் 40, ஆழமற்ற நீரில் 20. இதற்கு மேல் பொழுது வேறு இருக்கிறது. விடியல், முற்பகல், பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு என ஆறு சுற்றுகள் சேர்ந்தது ஒரு நாள். மனிதர்களின் தாக்குதல் பகலில் 25 விழுக்காடு கூடி, இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குகள் என்னும் அரக்க இனத்தாருக்கும் பிணப்படைகளுக்கும் இது தலைகீழ்.

முதல் இரண்டு ஆண்டுகள் இந்தக் கணக்கை நான் பொருட்படுத்தவே இல்லை. எதிரி கண்ணில் பட்டால் பாய்வதே வீரம் என்று எண்ணி, ஆற்றைக் கடந்து முன்னிரவில் ஓர்க் படைக்குள் நுழைந்து, விடிவதற்குள் பாதிப் பேரை இழந்து, சுற்றின் தொடக்கத்தில் தானாகச் சேமிக்கப்பட்ட கோப்பைத் திறந்து மீண்டும் அதையே செய்தேன். ஒரு நாள் காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. ஈட்டி வீரனின் அடி 7 புள்ளி வீதம் மூன்று முறை. பகலில் அது 9, இரவில் 5. எதிரே நிற்கும் கிரண்ட் என்னும் ஓர்க் வாள்வீரனின் அடி 9 புள்ளி வீதம் இரண்டு முறை. இரவில் அது 11, பகலில் 7. மூன்று அடியும் பட்டால் பகலில் 27, இரவில் 15. ஆள் அதே ஆள்தான். ஆனால் இரவில் ஏறக்குறைய பாதி ஆள்.

கணினி எதிராளியும் இந்தக் கணக்கை அறியும். ஆனால் அது ஒரு சுற்றுக்கு அப்பால் பார்ப்பதில்லை. தன் முறை வந்ததும் கையில் இருக்கும் பொன்னுக்கு ஆள் சேர்க்கும், தலைவனை, ஆள் சேர்க்க அவன் நிற்க வேண்டிய கோட்டை மேடைக்குத் திருப்பும், எட்டும் தூரத்தில் தாக்கத் தக்கவரைத் தாக்கும், அதன் பிறகே காயம் ஆற்றுதல், ஊர் பிடித்தல், பின்வாங்குதல், மிஞ்சியவர்களை இலக்கை நோக்கி நடத்துதல் என்று வரிசையாகச் செல்லும். அதன் மூர்க்கத்தைக் குறிக்கும் எண் இயல்பாக 0.4 என்று வைக்கப்பட்டிருக்கிறது. தன் இழப்பை நம் இழப்புக்குச் சமமாகக் கருதினால் அந்த எண் பூச்சியமாக இருக்க வேண்டும், 0.4 என்பதால் தன் இழப்பைப் பத்தில் ஆறு பங்காகவே மதிக்கிறது. ஆள் செத்தாலும் பரவாயில்லை, அடித்துவிடலாம் என்னும் சாய்வு அதன் பிறவியிலேயே இருக்கிறது. போன சுற்றில் நடந்ததும் அதன் நினைவில் இராது.

நான் இத்தனை ஆண்டுகளில் கற்றதெல்லாம் இந்தச் சாய்வைப் பயன்படுத்துவதுதான். ஆடுபுலி ஆட்டத்தில் ஓர் ஆட்டை வெட்டக் கொடுத்துப் புலியை வேண்டிய இடத்துக்கு இழுப்பதைப் போன்றது என்று சொல்லலாம். ஒரே வேறுபாடு, இங்கே கொடுக்கும் ஆடு பெரும்பாலும் சாவதில்லை.

மனிதப் படையில் தலை முதல் கால் வரை இரும்பு போர்த்திய கனகவச வீரன் ஒருவன் உண்டு. நடை மிக மெதுவு. ஒரு சுற்றுக்கு நான்கு கட்டம். அடியைத் தவிர்க்கும் திறமையும் குறைவு. ஆனால் வாள்வெட்டில் பாதியைக் கவசம் தின்றுவிடும். அந்திச் சுற்றில் அவனை ஆற்றங்கரையில், என் வரிசைக்கு ஒரு கட்டம் முன்னால் நிறுத்துவேன். முன்னிரவில் ஓர்க்குகள் வந்து சூழும். இரவின் உச்ச பலத்திலும் ஒரு கிரண்டின் அடி அவன் மீது 6 புள்ளிதான். இரண்டும் பட்டாலும் 12. பின்னால் வெள்ளை மந்திரவாதி நின்றால் சுற்றுக்கு 8 புள்ளி அளவு காயம் ஆறும். இலக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற ஆசையில் மூன்று ஓர்க்காவது ஆற்றுக்குள் நின்றபடி அடிக்கும். விடியும்போது அவர்கள் நீரில், 20 விழுக்காட்டுத் தற்காப்போடு, பகல் பிறக்கும் நேரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். அடுத்த இரண்டு சுற்றுகளில் நடப்பதைப் போர் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும்.

இந்த உத்தி எல்லாரிடமும் பலிக்காது. பிணப்படையின் இருள்மந்திர மாணாக்கர்கள் வாளெடுப்பதில்லை. அவர்களின் மந்திரம் எந்த நிலத்தில் நின்றாலும் 70 விழுக்காடு படும், கவசமும் அதைத் தடுக்காது. முதன்முறை என் கனகவச வீரர்கள் இருவரை ஒரே இரவில் அவர்களிடம் பறிகொடுத்தேன். ஆனால் அந்த மாணாக்கர்களுக்கு அருகில் நின்று அடிப்பவனைத் திருப்பி அடிக்க ஓர் ஆயுதமும் இல்லை. மனித ஆட்டக்காரர் எவரும் அவர்களை எலும்புக்கூட்டு வீரர்களுக்குப் பின்னால் பதுக்கி வைத்திருப்பார். கணினியோ, அடிக்க வாய்ப்பிருந்தால் அவர்களைக் குதிரை வீரனின் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிடும். எனவே பிணப்படையோடு மோதும்போது என் குதிரைகளை இரண்டாம் வரிசையில் புத்துணர்வோடு வைத்திருந்து, அவர்கள் வந்து அடித்த மறு சுற்றில் ஏவுகிறேன்.

இன்னொரு பலவீனம், அதற்குச் சேர்ந்து நடக்கத் தெரியாதது. ஓநாய்ச் சவாரி வீரருக்குச் சுற்றுக்கு எட்டுக் கட்டம், கிரண்டுக்கு ஐந்து, ட்ரோல் என்னும் பூத இனக் குட்டிக்கு நான்கு. பின்னால் வருபவருக்காக முன்னால் செல்பவர் நிற்பதில்லை. ஆகவே படை நூலாக இழுபட்டு வந்து சேரும். நான் முன்னேறாமல் என் எல்லையிலேயே நின்றால் ஓநாய்கள் தனியே வந்து மடியும், பிறகு கிரண்டுகள், கடைசியாக ட்ரோல்கள். கையிருப்புப் பொன்னை முதல் சில சுற்றுகளிலேயே செலவழித்துவிடுவதால், அந்த முதல் அலையை உடைத்துவிட்டால், பிறகு ஊர்கள் தரும் வருமானத்தில் ஒன்றிரண்டாகத்தான் ஆள் வரும். ஒரே ஒரு குதிரை வீரனைச் சுற்றுவழியில் அனுப்பி அதன் பின்புற ஊர்களைப் பிடித்தால், அவனைத் துரத்தவென்று இரண்டு மூன்று பேர் களத்தை விட்டுத் திரும்பி ஓடுவதும் பலமுறை கண்டது.

வரிசை அமைப்பதில் ஒரு சொல். ஆட்களை ஒட்டி நேர்வரிசையில் நிறுத்தினால் ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டே கட்டங்கள் திறந்திருக்கும். தனியாக முன்னே துருத்தி நிற்பவனுக்கு மூன்றோ நான்கோ திறக்கும். ஆள் போதாவிட்டால் இருவருக்கு நடுவே இரண்டு கட்டங்களை வெறுமையாக விடலாம். பகைவரை ஒட்டிய கட்டத்தில் கால் வைத்தவர் அங்கேயே நின்றாக வேண்டும் என்ற விதி அந்த இடைவெளியைக் காத்துக்கொள்ளும். எதிரி எங்கெல்லாம் வர முடியும் என்று வண்ணமிட்டுக் காட்டும் வசதி பட்டியலிலேயே இருக்கிறது. அதைப் பாராமல் நான் இப்போது சுற்றை முடிப்பதில்லை.

தலைவனை வீழ்த்துவதுதான் பெரும்பாலான ஆட்டங்களின் முடிவு. அவன் கோட்டை மேடையில் 60 விழுக்காட்டுத் தற்காப்போடு அமர்ந்திருப்பான். அவனுக்கு மட்டும் மூர்க்க எண் தனியாக, -4 என்று இருக்கிறது. தனக்குப் பெரிய அடி விழாது என்று தெரிந்தாலன்றி இறங்க மாட்டான். ஆகவே தூண்டிலும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். மந்திரவாதிக்கு அருகில் வந்து அடிப்பவரைத் திருப்பி அடிக்கக் கைத்தடிதான், 5 புள்ளி, ஒரே அடி. அவரை மேடைக்கு இரண்டு கட்டம் தள்ளி நிறுத்தினால் ஓர்க் தலைவன் பலமுறை இறங்கி வந்திருக்கிறான். அவன் இறங்கிய உடனே காலியான மேடையில் என் ஆள் ஒருவனை ஏற்றிவிடுவேன். அடுத்த சுற்றில் அவன் திரும்பிப் போக இடமில்லை. பொன் இருந்தாலும் ஆள் சேர்க்க முடியாது. மந்திரவாதி பிழைக்காத நாள்களும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதிர்ஷ்டத்தைப் பற்றிப் புலம்பாத வெஸ்னாத் ஆட்டக்காரர் இல்லை, நானும் புலம்பியவன்தான். 70 விழுக்காட்டு மந்திரம் மூன்று முறையும் தவறுவதற்கு வாய்ப்பு 2.7 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ முப்பத்தேழில் ஒன்று. ஓர் ஆட்டத்தில் நாற்பது முறை மந்திரவாதி தாக்கினால் ஒரு முறையாவது அது நடப்பதில் வியப்பில்லை. தாக்கும் முன் கணக்கீட்டுச் சாளரத்தைத் திறந்து, கெட்ட முடிவு நேர்ந்தால் அந்த இடத்தில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்த பிறகு, சேமித்த கோப்பைத் திறந்து மீண்டும் ஆடுவதை விட்டுவிட்டேன்.

குறை என்று சொல்ல வேண்டுமானால், கடினநிலையை உயர்த்தும்போது எதிராளிக்குப் பொன்னும் ஆளும் கூடுகின்றனவே தவிர அறிவு கூடுவதில்லை. பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவனுக்குப் பல ஆட்டங்கள் சலிப்பூட்டத் தொடங்கிவிடும். என்னை இன்றும் தோற்கடிப்பவை சுற்றுக்கு வரம்பு வைத்த ஆட்டங்களே. அங்கே கரையில் உட்கார்ந்து எதிரியை வரவழைக்க நேரம் இராது. பின்னிரவில் நடந்து விடியலில் போய்ச் சேரும்படி கணக்கிட்டு நகர வேண்டும்.

இப்போது திறந்து வைத்திருக்கும் ஆட்டம் அத்தகையது. 16ஆம் சுற்று, அந்தி. வரம்பு 24 சுற்றுகள். ஆற்றுக்கு அக்கரையில் தலைவனைத் தவிர ஏழு பேர், என்னிடம் ஆறு பேர், அவர்களில் இருவருக்குக் காயம். 19இல் விடியும், 22இல் மீண்டும் அந்தி. ஆக, 20, 21 என்ற இரண்டு சுற்றுகள்தான் எனக்கு மீதமிருக்கும் பகல். கனகவச வீரனை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.