கென்டேவா, போகோலானா, கூபாவா, அடிரேவா: ஆப்பிரிக்கத் துணி சேகரிப்பை எதில் தொடங்கலாம்?

ஆப்பிரிக்கக் கலைப்பொருள் சேகரிப்பு என்றதும் பலரும் முகமூடியைத்தான் தேடிப் போகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது அதுவல்ல என்பது எங்கள் கட்சி. புது மரத்தை மண்ணில் புதைத்தெடுத்து, எண்ணெயும் கரியும் தடவி, கரையானுக்குக் கொஞ்சம் தின்னக் கொடுத்தால் சில மாதங்களில் நூறு வயது ஏறிவிடும். அதைப் பிடிக்க நீண்ட கைப்பழக்கம் வேண்டும். போதாக்குறைக்கு சிறுத்தைப் பல், தந்தம் என்று ஏதாவது கோத்திருந்தால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். துணியில் இந்தத் தொல்லைகள் குறைவு. நெய்த விதமும் சாயம் ஏற்றிய விதமும் துணியிலேயே பதிந்திருக்கின்றன. புரட்டிப் பின்பக்கத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

சந்தையில் எளிதாகக் கிடைப்பவை நான்கு: கானாவின் பட்டை நெசவான கென்டே, மாலியின் சேற்றுச் சாயத் துணியான போகோலான், காங்கோ ஜனநாயகக் குடியரசின் பனைநார்த் துணியான கூபா ராஃபியா, நைஜீரியாவின் அவுரிச் சாயத் துணியான அடிரே. இவற்றைத்தான் இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கப் போகிறோம்.

கென்டே: பெயர் பெரிது, போலியும் பெரிது

கென்டே அகலத் தறியில் நெய்வதல்ல. சுமார் 10 செ.மீ. அகலத்தில் நீண்ட பட்டையாக நெய்து, துண்டுகளாக வெட்டி, கரையோடு கரை சேர்த்துத் தைப்பது. ஆண்கள் உடுத்தும் முழுத்துணிக்கு 20 முதல் 24 பட்டைகள் வரை போகும். விரித்தால் ஏறக்குறைய 2 மீட்டருக்கு 3 மீட்டர். கானாவின் குமாசி நகருக்குப் பக்கத்திலுள்ள போன்வைர், அசாந்தி மக்களின் நெசவுக்குப் பெயர்போன ஊர். எவே மக்களின் நெசவு வோல்டா பகுதியிலும் டோகோ எல்லையோரத்திலும் நடக்கிறது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கென்டே நெசவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அசாந்தித் தறியில், பாவு நூலைத் தூக்கி இறக்கும் விழுதுகள் இரண்டு சோடி இருக்கும். முதல் சோடி, நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மேலோங்கிய சாதா நெசவைத் தரும். இரண்டாவது சோடி பாவு நூல்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கும். அப்போது அடித்து இறுக்கிய, குறுக்கே ஓடும் ஊடை நூல் பாவை முழுக்க மூடி, கெட்டியான நிறக் கட்டமாக நிற்கும். இதைக் கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும்: தடவிக்கொண்டே போனால் கட்டம் வரும் இடத்தில் துணி தடித்து மேலெழும், அடுத்த இடத்தில் இறங்கும். அச்சடித்த கென்டேயில் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. பட்டைகளுக்கு இடையே தையல் இருக்காது, தையல் போன்ற கோடு மட்டும் அச்சாகியிருக்கும். புரட்டினால் நிறம் வெளுத்திருக்கும்.

ஆலையில் பாலியெஸ்டர் நூலில் நெய்த பட்டைகள்தான் உண்மையான தலைவலி. அவற்றில் தையலும் உண்டு, கட்டமும் உண்டு. விற்பவரிடம் கேட்டு, ஓரத்தில் தொங்கும் ஒரு நூலை எரித்துப் பாருங்கள். பாலியெஸ்டர் உருகிக் கருகி, கெட்டியான மணியாக இறுகும். ரேயானும் (மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழை) பருத்தியும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பட்டோ, முடி கருகும் நாற்றம் அடிக்கும், அதன் மணியை நசுக்கினால் பொடியாகும். ‘பட்டு கென்டே’ என்று விலை சொன்னால் இந்தச் சோதனை இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். அசாந்தி அரசவைக்காக ஐரோப்பியப் பட்டுத்துணியைப் பிரித்து நூலெடுத்து நெய்ததை 1730களிலேயே டேனிஷ் வணிகர்கள் குறித்திருக்கிறார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் ரேயான் வந்து பட்டின் இடத்தைப் பிடித்துவிட்டது. இன்று ‘பட்டு’ என்ற பெயரில் கைமாறுவதில் பெரும்பகுதி ரேயான்தான். ரேயான் என்பதற்காக அது மட்டமான துணி ஆகிவிடாது, பட்டு விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

இன்னொரு குறிப்பு: பட்டையின் இரு முனைகளிலும் நெருக்கமான கட்டங்கள் முந்தி போல நெய்யப்பட்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் முந்தி இருந்து மறுபக்கம் மொட்டையாக மடித்துத் தைத்திருந்தால், பெரிய துணியை வெட்டி இரண்டாக விற்கிறார்கள் என்று பொருள். இயந்திரத் தையலைப் பார்த்து மட்டும் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். நெசவாளர்களே இன்று பட்டைகளை இயந்திரத்தில்தான் இணைக்கிறார்கள்.

அசாந்தியா எவேயா? கொடுக்கும் காசுக்கு எவே துணி மேல் என்போம். பெரும்பாலும் பருத்தி. நாற்காலி, கை, பறவை, மீன் என்று உருவங்களை ஊடையில் புகுத்தி நெய்வார்கள். இரண்டு நிற நூலைச் சேர்த்து முறுக்கி ஊடையாக ஓட்டுவதால் கட்டங்களில் புள்ளி புள்ளியாக ஒரு கலப்பு நிறம் தெரியும். அசாந்தியில் உருவங்கள் அரிது. சில வியாபாரிகள் எவே துணியையும் அசாந்தி என்றே விற்கிறார்கள், காரணம் அந்தப் பெயருக்கு இருக்கும் கிராக்கி.

போகோலான்: நடுவில் எங்கோ நிற்கும் துணி

நான்கில் மதிப்பிடக் கடினமானது இதுதான். இங்கே அசலுக்கும் போலிக்கும் நடுவே நீண்ட படிக்கட்டு இருக்கிறது.

மரபு முறை இப்படி. கையால் நூற்ற பருத்தியை ஆண்கள் குறுகிய பட்டைகளாக நெய்வார்கள். ஏழு முதல் ஒன்பது பட்டைகளை இணைத்தால் ஒரு போர்வை. துணியைத் துவைத்துச் சுருங்கவைத்து, ங்கலாமா மர இலைக் கஷாயத்தில் நனைத்து வெயிலில் காயப்போட்டால் மஞ்சளாகும். குளத்தடியில் எடுத்து, பானையில் மாதக்கணக்கில் புளிக்கவைத்த இரும்புச் சத்துள்ள சேற்றைப் பெண்கள் மூங்கில் குச்சியாலோ இரும்புத் தகட்டாலோ பூசுவார்கள். இலையின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும். நம் கலம்காரியில் கடுக்காய்ப் பால் ஏற்றிய துணிமேல் இரும்புக் காடியைத் தீட்டிக் கறுப்பு எடுப்பதும் இதே ரசாயனம்தான். சேற்றைக் கழுவி, மறுபடி இலை, மறுபடி சேறு. கடைசியில், மஞ்சளாக எஞ்சிய கோடுகளில் காஸ்டிக் சோடாவும் தவிடும் நிலக்கடலையும் கலந்த கரைசலைத் தடவி வெளுப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கோலத்தை வரைவதில்லை. கோலத்தைச் சுற்றியுள்ள தரையைத்தான் கறுப்பாக்குகிறார்கள். ஆகவே வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் மஞ்சளோ பழுப்போ மெல்லிய கரையாக எஞ்சியிருக்கும், கோட்டின் தடிமன் ஏறி இறங்கும். சுற்றுலாச் சந்தைக்கு வேகமாகச் செய்வதில், கோலத்தை வெட்டியெடுத்த தகட்டு அச்சை வைத்துச் சேற்றைத் தேய்க்கிறார்கள், அல்லது மஞ்சள் தரையில் கறுப்பால் கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். ஒரே வடிவம் நான்கைந்து இடத்தில் மயிரிழை மாறாமல் திரும்ப வந்தால் அது தகட்டு வேலை. அதுவும் மாலியில் கையால் செய்ததுதான், வீட்டில் விரிக்க அழகாகவே இருக்கும். ஆனால் சேகரிப்புக்கான விலையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். மாலியின் பெலெடூகூ பகுதிப் பெண்களின் பழைய வேலை கிடைத்தால் அது வேறு கதை. அந்த மரபில் நாகுன்ட்டே ஜாரா என்பவரின் துணிகள் அருங்காட்சியகங்கள் வரை போயிருக்கின்றன.

குறை என்ன? இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறுப்பு பஞ்சு இழையை நாளடைவில் அரிக்கும். வெளுத்த கோடுகளில் காஸ்டிக்கைச் சரியாக அலசாமல் விட்டிருந்தால் அங்கேயும் நூல் நொய்ந்துபோகும். வாங்குமுன் கறுப்புப் பகுதியை இரு விரலால் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். பொடி உதிர்வது சேறு, பரவாயில்லை. இழை உதிர்ந்தால் வேண்டாம்.

கூபா: கையளவு இடத்தில் பெரிய வேலை

எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

காங்கோவின் காசாய் பகுதியில் கூபா அரசின் மக்கள் செய்வது. மூலப்பொருள் பஞ்சல்ல, ராஃபியாப் பனையின் இளம் ஓலையிலிருந்து உரித்த நார். நாரை முறுக்கி நீட்டாமல் அப்படியே பாவாகவும் ஊடையாகவும் போடுவதால் ஓலை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் துணியும். அதனால் சதுரத் துண்டு பெரும்பாலும் 50 முதல் 70 செ.மீ.தான் வரும். ஆண்கள் சாய்வான தறியில் நெய்து தருவார்கள். உரலில் இடித்துப் பதமாக்குவார்கள். பூவேலை பெண்களுடையது.

கூபா மக்களில் ஷோவா பிரிவினர் செய்யும், வெல்வெட் போன்ற துண்டை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். மெல்லியதாகக் கிழித்த நாரை ஊசியில் கோத்து, நெசவின் ஓரிரு இழைக்கு அடியில் நுழைத்து, மறுபக்கம் இழுத்து, இரண்டு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டுச் சிறு கத்தியால் அறுக்கிறார்கள். முடிச்சே கிடையாது. நெசவின் இறுக்கம் மட்டும்தான் அந்தக் குஞ்சத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. குஞ்சங்களுக்கு நடுவே ஓடும் கோடு தனியாகப் போட்ட காம்புத் தையல். நல்ல துண்டைப் புரட்டினால் பின்பக்கத்தில் தையலின் சுவடே ஏறக்குறைய இருக்காது. பின்பக்கம் தாராளமாக நார் தெரிந்தால் அவசர வேலை.

பழசையும் புதுசையும் பிரிப்பது இப்படி: புது வேலையில் நார் தடிப்பு, குஞ்சம் நீளம், கட்டங்கள் பெரிது, கறுப்புக்கும் வெளிர்மஞ்சளுக்கும் பளீரென்ற வேறுபாடு. பழையதில் அடித்துணியே நெருக்கம். மரத்தூளிலிருந்து எடுக்கும் டுகூலாச் சிவப்பு அமர்ந்து தெரியும். கட்டத்தின் ஒழுங்கு ஒரு மூலையில் ஆரம்பித்து மறுமூலைக்குள் எப்படியோ மாறியிருக்கும். அந்த ‘பிசகு’ பிசகல்ல, அதுதான் அவர்கள் ரசனை. தேநீரில் முக்கிப் பழசாக்கியவையும் வருகின்றன. வெளிச்சத்தில் இருந்து மங்கிய துணி முன்பக்கம் வெளிறி, மடித்துத் தைத்த ஓரத்தின் உள்ளே நிறம் தங்கியிருக்கும். முன்னும் பின்னும் மடிப்பின் உள்ளும் ஒரே பழுப்பு என்றால் சந்தேகப்படுங்கள்.

சதுரத் துண்டுதான் என்றில்லை. சடங்கிலும் இறுதி ஊர்வலத்திலும் உடுத்தும் நீளப் பாவாடைகளும் உண்டு. பல துண்டுகளை இணைத்து, சில 6 மீட்டரைத் தாண்டும். இடிக்கும்போது விழுந்த ஓட்டையை மறைக்க வைத்த ஒட்டுகளிலிருந்தே அவற்றின் ஒட்டுவேலை வளர்ந்தது என்பார்கள். இவற்றை வெட்டிச் சட்டம் போட்டு ‘முழுத்துண்டு’ என விற்பது ஒரு வழக்கம். சட்டத்துக்குள் இருந்தால் பின்பலகையைக் கழற்றி நான்கு ஓரமும் காட்டச் சொல்லுங்கள். ஓரம் மடித்துத் தைக்காமல் கத்தரித்திருந்தால் அது அரைகுறை.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆதாரம் இருப்பது கூபாவின் கூடுதல் வசதி. 1892இல் கூபா தலைநகரை அடைந்த அமெரிக்க மிஷனரி வில்லியம் ஷெப்பர்ட் சேர்த்தவை ஹாம்ப்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஹங்கேரிய இனவரைவியலாளர் எமில் டோர்டே 1907-09 பயணத்தில் சேர்த்தவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். எப்போது சேர்த்தது என்று உறுதியாகத் தெரிந்த துண்டுகளின் படங்கள் கையில் இருந்தால், வியாபாரி சொல்லும் வயதை உரசிப் பார்க்கலாம்.

பலவீனமும் சொல்லிவிடுவோம். கூபாவைத் துவைக்கக் கூடாது. சாயம் ஓடும், நார் விறைக்கும். மடித்தால் மடிப்பில் நார் ஒடியும்.

அடிரே: விலை குறைவு, ஏமாற்றும் குறைவு

நைஜீரியாவின் யோருபா இனப் பெண்களின் அவுரிச் சாயத் துணி; அபேயோகுட்டாவும் இபாடானும் அதன் ஊர்கள். ஆலைப் பருத்தியில் இரண்டரை கஜத் துண்டு இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தது ஒரு உடுதுணி. கட்டிச் சாயமிடுவது ஒரு வகை, சாயம் ஏறாமல் தடுக்கும் மரவள்ளி மாவுக் கூழைக் கோழி இறகால் தீட்டிச் சாயமிடுவது இன்னொரு வகை. சேகரிக்க இரண்டாவதுதான். கூழ் முன்பக்கம் மட்டும் பூசப்படுவதால் பின்பக்கம் ஏறக்குறைய முழு நீலம். இரு பக்கமும் கோலம் சமமாகத் தெரிந்து, கோடுகளில் மெழுகு வெடித்த நரம்பு ஓடினால் அது மெழுகால் மறைத்துச் சாயமிட்ட பாத்திக், அடிரே என்று விற்கப்பட்டாலும். இபாடானின் மாப்போ மண்டபத் தூண்களுக்கிடையே கரண்டிகள் நிற்கும் கட்டத்தைத் தேடுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1935 வெள்ளிவிழாத் துணியும் சேகரிப்பாளர் விரும்புவது. வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்தால் கொஞ்சம் நீலம் ஒட்டும். அவுரியின் இயல்பு அது.

எதை எடுப்பது

சுவர் சின்னது, பணம் நடுத்தரம் என்றால் ஒரு நல்ல கூபா சதுரம். மட்டமான ஐந்து துண்டுக்குப் பதில் நல்லது ஒன்று. பணம் குறைவென்றால் அடிரே. கென்டேக்கு இடமும் பணமும் வேண்டும். முழுத்துணியைத் தொங்கவிட்டால் எடை முழுக்கப் பட்டைத் தையல்களில் இறங்கி இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். போகோலானைக் குறைந்தது பத்துப் பதினைந்து துணி கையில் எடுத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

நைஜீரியா பக்கம் போகிறவர்கள் ஐந்தாவதாக ஒன்றையும் மனதில் வைக்கலாம். நைஜர் கழிமுகத்தின் கலபாரிப் பெண்கள், சென்னையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணியை எடுத்து, சவரக்கத்தியால் நூல்களை ஒவ்வொன்றாக அறுத்து உருவி, புதுக் கோலம் வரவழைப்பார்கள். புகுமா நகரச் சடங்குகளில் அதற்குத் தனி இடம். நம் ஊர்த் தறித்துணி அங்கே வேறு துணியாகி நிற்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துண்டு கிடையாது. ஆனால் கடையில் எளிதில் அகப்படாது.

எடுத்து வருமுன் காகிதம். நைஜீரியாவில் தொல்பொருளை வெளியே கொண்டுபோக அருங்காட்சியக ஆணையத்தின் அனுமதி தேவை. புதுத் துணிக்குக்கூட கடை ரசீதில் ‘புதிது’ என்று எழுதி வாங்குவது விமான நிலையத்தில் உதவும். கானாவில் அருங்காட்சியக வாரியத்தின் சான்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் சேர்க்காமல், பூச்சிக்காகக் குளிரூட்ட வேண்டும். பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்த பிறகு பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் வைக்கவும். உடனே பிரித்தால் குளிர்ந்த துணிமேல் ஈரம் கோக்கும், கூபாவுக்கு அது ஆகாது. பிறகு அமிலமில்லாத தாள் சுற்றிய குழலில், குஞ்சம் வெளிப்பக்கம் இருக்கும்படி கூபாவைச் சுருட்டி, மேலே துவைத்த மல் துணியைப் போர்த்தி வைக்கவும். பாச்சை உருண்டையைத் துணிமேல் நேராகப் போடாதீர்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அதனால் அலமாரிக்குள் ஒரு ஈரப்பதமானி, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை பிரித்து மின்விசிறிக் காற்று. வெயிலில் மட்டும் போடவே கூடாது.