திருப்பூரில் தைத்து வாங்கிய டி-ஷர்ட்டுகள்: ஒரு பனியன் கம்பெனியின் வேலை பற்றிய மதிப்பீடு

ஈரோட்டில் உள்ள எங்கள் விளையாட்டு உடைக் கடைக்காக, திருப்பூர் அங்கேரிபாளையம் பகுதியில் இயங்கும் ஒரு சிறு பனியன் கம்பெனியில் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி துணியில் 1,500 டி-ஷர்ட்டுகள் தைத்து வாங்கினோம். கையில் இருக்கும் ஆர்டர்களுக்கே ஆள் போதவில்லை என்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆனால் அங்கே வேலை நடக்கும் முறையைத் தையல் வேலை கொடுப்பவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாதிரி எடுத்துச் சரக்கைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி 1,500 பீஸ் கொண்ட சரக்குக்கு 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்ற அளவில் 7 குறைகள் வரை ஏற்கலாம், 8 வந்தால் முழுச் சரக்கையும் திருப்பலாம். எங்களுக்குக் கிடைத்தவை இரண்டே: ஒன்றில் கீழ்மடிப்புத் தையல் விட்டிருந்தது, மற்றொன்றில் கழுத்து ரிப் ஒரு பக்கம் அகலம் குறைந்திருந்தது. வட்டமாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடை போட்டபோது 1.8 கிராம் சரியாக நின்றது. மூன்று முறை துவைத்த பிறகும் சுருக்கம், பேசி வைத்த 5 சதவீதத்துக்குள்ளேயே இருந்தது.

இந்த முடிவை வேறு வழியிலும் எட்டலாம். கூடுதலாகத் தைத்து, கடைசி மேசையில் பத்துப் பேரை உட்கார வைத்துக் குறையுள்ளவற்றைக் கழித்துவிட்டால் பெட்டிக்குள் நல்ல பீஸ்தான் போகும். கழித்தவற்றின் விலையும் நாம் கொடுக்கும் விலைக்குள் வந்துவிடும். சுவரில் ஐஎஸ்ஓ 9001 தர மேலாண்மைச் சான்று மாட்டியிருக்கும் இடங்களிலும் இப்படித்தான் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கம்பெனியில் செக்கிங் மேசையில் ஒதுங்கியவை ஒரு சிறு கூடையை நிரப்பவில்லை. குறை அங்கே வந்து சேர்வதற்கு முன்பே, அது பிறக்கும் இடத்தில் பிடிபட்டுவிடுகிறது.

வேலை நடக்கும்போது நான் பார்த்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஓவர்லாக் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுக்கும் கைமடிப் பெண், உடல் பகுதிக்கும் கைப் பகுதிக்கும் நிறம் லேசாக மாறுவதாகச் சொன்னார். லைன் அப்போதே நின்றது. சூப்பர்வைசர் அவரிடம் "உனக்கெதுக்கு" என்று கேட்கவில்லை. டெய்லரையும் யாரும் அதட்டவில்லை. உரிமையாளர் நேராகக் கட்டிங் மேசைக்குப் போனார். சாயப்பட்டறையிலிருந்து இரண்டு வேறு லாட்டுகளில் (தனித்தனியாகச் சாயம் போட்ட தொகுதிகளில்) வந்த ரோல்கள் ஒரே விரிப்பில் சேர்ந்துவிட்டதும், ஒரே அடுக்கில் வெட்டிய பகுதிகளை ஒன்றாகச் சேர்க்க உதவும் அடுக்கு எண் ஸ்டிக்கர் சில கட்டுகளில் விடுபட்டதும் தெரியவந்தன. அன்று மாலைக்குள் ஒவ்வொரு ரோலின் இரு முனையிலும் லாட் எண் எழுதும் வழக்கம் தொடங்கியது. நிறுவனத்தில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர்களில் ஒருவர் சொன்ன சொல்லுக்கு வேலை நின்றது என்பதுதான் எனக்கு அங்கே மிகவும் பிடித்தது. 1950-இல் ஜப்பானியத் தொழில் தலைவர்களுக்குத் தரம் பற்றி வகுப்பெடுத்த எட்வர்ட்ஸ் டெமிங், பிற்காலத்தில் வகுத்த 14 கோட்பாடுகளில், கடைசிப் பரிசோதனையை நம்பியிராதீர்கள் என்பதையும் அச்சத்தை அகற்றுங்கள் என்பதையும் சேர்த்தே வைத்தார். அச்சம் இருக்கும் இடத்தில் குறையைக் கண்டவர் வாய் திறக்க மாட்டார்; அப்புறம் மிஞ்சுவது கடைசி மேசைதான்.

பேசுவதற்குத் துணிவு வருவது கூலியைப் பொறுத்தும் இருக்கிறது. பவர் டேபிள் கான்ட்ராக்டில், அதாவது தையலை ஒப்பந்தக்காரரிடம் விடும் முறையில், பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கு ஒரு பீஸ் ஆல்டருக்கு (திருத்தித் தைப்பதற்கு) திரும்பி வந்தால் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை; எனவே செக்கிங் பெண்ணும் டெய்லரும் எதிரெதிராக நிற்கிறார்கள், குறை மறைக்கப்படுகிறது. இங்கே ஆல்டர் நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் கூலி உண்டு. காரணம் துணியிலோ கட்டிங்கிலோ மிஷினிலோ இருந்தால் டெய்லர் பெயரில் குறை எழுதுவதில்லை. இதற்கு ஆகும் பணத்தைச் செலவாகவே தான் பார்ப்பதில்லை என்றார் உரிமையாளர்.

ஒவ்வொரு மிஷினிலும் ஒரு சுற்றுக்கு ஏழு பீஸ் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை தொங்கவிடுகிறார்கள். சிவப்பு விழுந்தால் சரிசெய்யும் வரை மிஷின் ஓடாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பாதிப்பேர் என்பதால் எழுதிய அறிவிப்புகளைவிட, குறையுள்ள உண்மையான பீஸ்களையே பலகையில் குத்தி வைத்திருக்கிறார்கள்; எந்த மொழிக்காரருக்கும் அது விளங்குகிறது.

குறைகளும் உண்டு. பீஸுக்குச் சில ரூபாய் கூடுதல். சரக்கு, பேசிய நாளுக்குச் சற்றுத் தள்ளியே வந்தது. துணி ரோலைப் பிரித்து ஓய வைக்காமல் வெட்ட மாட்டார்கள் என்பதால் அவசர ஆர்டர்களுக்கு இது ஏற்ற இடமில்லை. இவற்றைவிடப் பெரிய குறை பிரிண்டிங். அது வெளியில் ஜாப் ஒர்க்காகப் போகிறது; உள்ளே இவ்வளவு கவனமாகக் காக்கும் ஒழுங்கு கேட்டுக்கு வெளியே செல்லவில்லை. மார்பில் அடித்த எழுத்துகள் ஒரு கட்டு முழுவதும் சாய்ந்து வந்தன. அவற்றைத் திருப்பி, தங்கள் செலவிலேயே மாற்றித் தந்தார்கள் என்றாலும், அது நடந்தது பிரிண்டிங் முழுவதும் முடிந்து கட்டுகள் திரும்பி வந்த பிறகுதான்.

அடுத்த ஆர்டரையும் இவர்களுக்கே கொடுக்கிறோம். முதல் ஐம்பது பீஸ் அச்சானதும் செக்கிங்கிலிருந்து ஒருவர் பிரிண்டிங் பட்டறைக்கே போய்ப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அதுவரை அடுத்த கட்டு அங்கே போகக் கூடாது என்று கேட்டிருக்கிறோம். ஒப்புக்கொண்டு ஆர்டர் சீட்டிலேயே எழுதித் தந்திருக்கிறார்கள்.