சென்னை நெரிசலில் ஏ.எம்.டி. கார்: இடது காலுக்கு ஓய்வு, கிளட்சுக்கு இல்லை

கிண்டியிலிருந்து போரூருக்கு மாலை ஆறரை மணிக்குத் தினமும் வண்டி ஓட்டுகிறவர் ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) கார் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை முழு ஆட்டோமேட்டிக் என்று நம்பி ஓட்டினால் கிளட்ச் பிளேட் காலத்துக்கு முன்பே கருகிவிடும். வேகன் ஆர், செலெரியோ, ஸ்விஃப்ட், டியாகோ, கிராண்ட் ஐ10 நியோஸ், க்விட் என்று சின்னக் கார்களில் வருகிற இந்த கியர்பாக்ஸ் சென்னை ரோட்டில் எப்படி நடந்துகொள்கிறது, அதை எப்படி ஓட்டினால் நீடிக்கும் என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தியாவில் சின்னக் கார் வாங்குகிறவர்களுக்கு இது 2014 பிப்ரவரியில் செலெரியோவோடு வந்தது. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே உலர் கிளட்ச் பிளேட்தான். நம் இடது காலும் இடது கையும் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது, எப்போது செய்ய வேண்டும் என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் சொல்கிறது. மாருதி வண்டிகளில் ஒரு மின்சார பம்ப் எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்கி கிளட்சைத் தள்ளுகிறது. டிரைவர் கதவைத் திறந்ததும் பானட்டுக்குள்ளிருந்து லேசாக ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். அழுத்தம் ஏற்றுகிற அந்தப் பம்பின் சத்தம்தான் அது, பழுது என்று பயப்பட வேண்டாம். ஹூண்டாய் இதே வேலைக்கு மின் மோட்டார்களை வைத்திருக்கிறது. எந்தக் கம்பெனி வண்டியானாலும், தேய்வது கிளட்ச் பிளேட்தான்.

மேனுவல் மாடலைவிட ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய் கூடுதல். மைலேஜ் மேனுவலுக்குச் சமமாகவே வரும். சி.வி.டி., டார்க் கன்வெர்ட்டர் போன்ற முழு ஆட்டோமேட்டிக்குக்கு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்போது, இந்த விலை வித்தியாசம் நியாயமானது. நகர நெரிசலில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை முறை கிளட்ச் மிதிக்கிறோம் என்று மேனுவல் ஓட்டுகிறவர் முழங்காலைக் கேட்டால் சொல்லும். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று தடங்கள். ஆற்காடு சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் மவுண்ட் பூந்தமல்லி சாலையிலும் அந்த வேலைக்காகப் போட்ட தடுப்பு வேலிகள் ரோட்டை எப்படிச் சுருக்கின என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ரோட்டில் இடது காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருப்பதன் அருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இனி, எங்கே கெடுகிறது என்பதற்கு வருவோம்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக மெல்ல ஊர்ந்து போகும். இதற்குப் பெயர் கிரீப். சமதளத்தில் மனிதன் வேகமாக நடக்கும் வேகம் வரும். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே பத்தடி, இருபதடி நகரலாம் என்பதால் நெரிசலில் இதுதான் பெரிய வசதி. (2016-இல் வந்த க்விட் ஏ.எம்.டி.யில் இது கிடையாது, 2018 மாடலில்தான் சேர்த்தார்கள். பழைய க்விட் வாங்குகிறவர் கவனிக்கவும்.) முதல் கியரில் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது வண்டி எந்த வேகத்தில் போகுமோ, அந்த வேகத்தைத் தொட்ட பிறகுதான் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும். அதற்குக் கீழே போகிறவரை பிளேட் உரசிக்கொண்டேதான் இருக்கும். முன்னால் போகிற மாநகரப் பேருந்து ஆமை வேகத்தில் நகர, அதன் பின்னாலேயே பிரேக்கைப் பாதி அழுத்தியபடி ஒட்டிக்கொண்டு போனால், மேனுவலில் ஹாஃப் கிளட்சில் காலை வைத்துக்கொண்டு போவதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. மேனுவலிலாவது கால் வலித்து எடுத்துவிடுவோம். இங்கே வலிக்காது என்பதால் அரை மணி நேரம் உரசுவது தெரியாமலே போய்விடும்.

செய்ய வேண்டியது எளிது. முன்வண்டி நகர்ந்ததும் நகராதீர்கள். அரை கார் நீளத்துக்கு மேல் இடம் விழட்டும். பிறகு பிரேக்கை முழுதாக விட்டு, ஊர்ந்துபோய், பிரேக்கை முழுதாக அழுத்தி நில்லுங்கள். பிரேக்கை முழுதாக அழுத்தினால் கிளட்ச் முழுதாக விலகிவிடும், உரசல் இருக்காது. விடுவதானால் முழுதாக விடுங்கள், பிடிப்பதானால் முழுதாகப் பிடியுங்கள். அரைகுறை அழுத்தம்தான் எமன்.

அரை கார் இடம் விட்டால் சென்னையில் யார் விட்டுவைப்பார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். இடம் தெரிந்ததும் ஒரு பைக் நுழையும், அதன் பின்னால் உணவு டெலிவரி பையோடு இன்னொன்று நுழையும், ஷேர் ஆட்டோவின் மூக்கும் எட்டிப்பார்க்கும். பின்னாலிருக்கிற கால் டாக்சி, நீங்கள் தூங்கிவிட்டதாக நினைத்து ஹாரனில் கையை வைத்துவிடும். பொருட்படுத்தாதீர்கள். உள்ளே நுழைந்த இரண்டு பைக்கும் நமக்கு முன்னால் போகப்போகிறவைதான், அவற்றால் நாம் வீடு சேரும் நேரம் மாறாது. ஷேர் ஆட்டோ நுழைந்தால் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. ஹாரனுக்குப் பயந்து ஒட்டி ஒட்டிப் போனால் தேய்வது நம் பிளேட், அடிக்கிறவருடையது இல்லை.

சிக்னலில் டைமர் 30-க்கு மேல் காட்டினால் ‘என்’னுக்கு (நியூட்ரல்) மாற்றி ஹேண்ட்பிரேக் போடுங்கள். ‘டி’யிலேயே (டிரைவ்) பிரேக்கை மிதித்து நிற்கலாம், உடனே கெட்டுவிடாது. ஆனால் அத்தனை நேரமும் கிளட்சை விலக்கிப் பிடிக்கிற ரிலீஸ் பேரிங் அழுத்தத்திலேயே இருக்கும். டைமர் 10-க்கு வந்ததும் பிரேக்கை மிதித்து ‘டி’ போட்டுவிடுங்கள். கியர் விழ ஒரு விநாடி ஆகும், நம் ஊரிலோ டைமர் 5-ஐத் தொடும் முன்பே பின்வரிசை ஹாரன் கச்சேரியைத் தொடங்கிவிடும். ஐடில் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டியானால், நெரிசலில் அதன் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள். மே மாத வெயிலில் நிற்கும்போதெல்லாம் இன்ஜின் அணைந்து ஏ.சி. காற்று சூடாவதும், கிளம்பும்போது தாமதமாவதும் தேவையில்லாத தொல்லை.

ஏ.எம்.டி.யின் உண்மையான பரிட்சை மேட்டில்தான். கத்திப்பாரா மேம்பாலத்தை எடுத்துக்கொள்வோம். 2008-இல் திறந்த அந்தக் குளோவர் இலைப் பாலத்தின் வளைவுகளில் ஏற்றமும் திருப்பமும் சேர்ந்தே வரும். மாலையில் வரிசை ஏற்றத்திலேயே நின்றுவிடும். பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் கால் மாறுகிற இடைவெளியில் வண்டி பின்னால் நழுவும். பின்னால் நிற்கிறவரோ பம்பரோடு பம்பர் ஒட்டித்தான் நிற்பார். இதைத் தவிர்க்கப் பலர் செய்வது, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை மேட்டில் நிறுத்தி வைப்பது. வண்டி முன்னும் போகாது, பின்னும் போகாது, பார்க்க அழகாக நிற்கும். அந்த நேரம் முழுக்க இன்ஜினின் பலமெல்லாம் கிளட்ச் பிளேட்டில் வெப்பமாக இறங்கிக்கொண்டிருக்கும். ஓரிரு நிமிடத்தில் கருகிய வாடை வரும். பல மாடல்களில் எச்சரிக்கை மணியும் அடிக்கும். கிளட்ச் சூடேறிவிட்டது, வண்டியை நிறுத்து என்று பொருள். அந்த மணிக்குப் பிறகும் ஓட்டினால், அதற்கான பில் தனியாக வரும்.

சரியான முறை இது. பிரேக்கை முழுதாக மிதித்து நின்று, ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். முன்வண்டி குறைந்தது ஒரு கார் நீளம் நகரட்டும். கால் பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை மெல்லக் கொடுங்கள். வண்டி இழுக்க ஆரம்பிப்பது தெரிந்ததும், அதாவது மூக்கு லேசாக எழும்பியதும், ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். டிரைவிங் ஸ்கூலில் மேட்டில் எடுக்கச் சொல்லிக் கொடுத்த அதே பாடம்தான், கிளட்ச் கால் மட்டும் இல்லை. ஹில் ஹோல்ட் உள்ள புது மாடல்களில் பிரேக்கை விட்ட பிறகும் சுமார் 2 விநாடி வண்டி நழுவாது. கால் மாற அது போதும், மேட்டில் நின்று காத்திருக்கப் போதாது. வாங்கும்போது ஹில் ஹோல்ட் இல்லாத வேரியன்ட் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். சென்னையில் தேவையான ஒரே வசதி எது என்று கேட்டால், டச் ஸ்கிரீனுக்கும் அலாய் வீலுக்கும் முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மால்களின் பார்க்கிங் சரிவுகள் கத்திப்பாராவைவிட மோசம். ஞாயிறு மாலை வரிசை மேலே வரை நின்றால், சரிவின் அடியிலேயே, சமதளத்தில் நின்றுகொள்ளுங்கள். பாதை காலியானதும் ஒரே மூச்சில் ஏறுங்கள். பின்னாலிருப்பவர் கத்தட்டும்.

அடுத்தது யூ-டர்ன். அண்ணா சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் பல சந்திப்புகளை மூடிவிட்டு, தள்ளிப்போய்த் திரும்ப வைத்திருக்கிறார்கள். எதிரே தண்ணீர் லாரி வருவதற்குள் ஒரு இடைவெளியில் புக வேண்டும். ஏ.எம்.டி. இங்கே யோசிக்கும். நாம் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கிளட்ச் பிடித்து வண்டி கிளம்ப ஒரு விநாடிக்கு அருகில் எடுத்துக்கொள்ளும், பிறகு திடீரென்று பாயும். இடைவெளியை அந்த ஒரு விநாடியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். திரும்பும் முன்பே, கியரை நாமே மாற்றுகிற ‘எம்’முக்கு (மேனுவல்) மாற்றி முதல் கியரில் வைத்தால், திரும்பும் நடுவில் இரண்டாம் கியருக்குத் தாவி வண்டி தொய்வது நிற்கும். முந்தும்போதும் இதே கதைதான். சட்டென்று முழுதாக மிதித்தால் கியர் குறைத்து வேகம் எடுப்பதற்குள் இடைவெளி போய்விடும். ‘எம்’மில் ஒரு கியர் முன்கூட்டியே குறைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு கியர் மாறும்போதும் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது என்பது ஏ.எம்.டி. மீதான பழைய குறை. குறை நிஜம்தான். ஆனால் பாதிக்கு மேல் நம் காலிலேயே சரிசெய்யலாம். கியர் மாறப்போகிற சமயத்தில் ஆக்சிலரேட்டரைக் கால்வாசி தளர்த்தினால் மாற்றம் வழுக்கிக்கொண்டு போகும். எந்த வேகத்தில் மாறுகிறது என்பது ஒரு வாரத்தில் காலுக்குப் பழகிவிடும்.

ரிவர்ஸ் எடுப்பதில்தான் கவனக்குறைவு அதிகம் ஆபத்தாகிறது. வண்டி முழுதாக நின்ற பின் பிரேக்கை மிதித்து ‘ஆர்’ (ரிவர்ஸ்) போடுங்கள். மீட்டரில் ‘ஆர்’ எழுத்து தெரியும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். கியர் விழாத அவசரத்தில் மிதித்துவிட்டு, விழுந்ததும் வண்டி குதித்துச் சுவரில் மோதுவது அடுக்குமாடி பார்க்கிங்குகளில் சாதாரணம்.

பெரும்பாலான ஏ.எம்.டி.களில் ‘பி’ (பார்க்கிங் நிலை) கிடையாது. மேட்டில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கியரில் நிறுத்திய வண்டியின் பேட்டரி செத்துப்போனால், லீவரை ‘என்’னுக்குத் தள்ளினாலும் கியர் விலகாது, விலக்க மின்சாரம் வேண்டும். தள்ளி ஓரங்கட்ட முடியாது, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. நெரிசல் ரோட்டில் நடுவே நின்றால் ஜம்ப் ஸ்டார்ட்தான் வழி. ஆகவே மூன்று வருடம் தாண்டிய பேட்டரியைச் சர்வீஸில் சோதிக்கச் சொல்லுங்கள், ஜம்ப்பர் கேபிள் ஒரு ஜோடி டிக்கியில் கிடக்கட்டும். பேட்டரி பலவீனமானால் கியர் மாறத் தாமதம், சும்மா சும்மா எச்சரிக்கை விளக்கு என்றும் வரும். கியர்பாக்ஸ் போச்சு என்று பில் போட விடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்.

கிளட்ச் மாற்றும் நாள் வந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள், கூலி ஒரே கூலிதான். மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு, கிளட்ச் பிடிக்கும் புள்ளியைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் கொடுத்தால் புது பிளேட்டிலும் வண்டி உதறும். தெருமுனை மெக்கானிக் கைராசிக்காரராக இருந்தாலும், ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆக்சுவேட்டர் எண்ணெய் உள்ள வண்டிகளில் அதன் அளவை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள், தானாகப் பார்க்க மாட்டார்கள்.

இதே பணத்துக்கு வேறு என்ன இருக்கிறது? தினமும் 40 கிலோமீட்டருக்குள், வீட்டில் சார்ஜ் போட வசதியும் உண்டு என்றால், டியாகோ இ.வி. போன்ற சின்ன மின்சாரக் காரைப் பாருங்கள். கிளட்சே இல்லாததால் மேலே சொன்ன பாதிப் பிரச்சினை அங்கே கிடையாது. பட்ஜெட் லட்சம் கூட நீளும் என்றால் சி.வி.டி. நெரிசலில் இதமானது. உலர் கிளட்ச் உள்ள இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்குகளை வெறும் நகர ஓட்டத்துக்கு வாங்குவது வீண். விலையும் அதிகம், நெரிசலில் அவையும் சூடேறும்.

டெஸ்ட் டிரைவுக்குக் காலை பத்து மணிக்கு, காலியான சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்து முடிவெடுக்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கேளுங்கள். வழியில் ஒரு மேம்பாலமோ சுரங்கப்பாதை ஏற்றமோ இருக்கட்டும், வீட்டில் வழக்கமாக ஓட்டுகிற எல்லோரும் ஓட்டிப்பார்க்கட்டும். பழைய வண்டியானால் சமதளத்தில் ‘டி’யில் பிரேக்கை விட்டுப் பாருங்கள், பிறகு ‘ஆர்’ரில் விடுங்கள். இரண்டிலும் உதறாமல் நழுவிப் போனால் கிளட்சில் இன்னும் உயிர் இருக்கிறது. உதறினால், கிளட்ச் செட் விலையையும் கூலியையும் பேசிய தொகையிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.