பிஸ்டல் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ் தருகிறோம் என்று சொன்னால் உஷார்: ரூ.48,500 போன கதை

ரூ.48,500 போச்சு. இன்று காலை அந்த அகாடமி என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயரைப் போடவில்லை. போட்டால் பதிவைத் தூக்க வைப்பதில் காட்டும் சுறுசுறுப்பைப் பணம் திருப்பித் தருவதில் காட்ட மாட்டார்கள். சென்னை ஓஎம்ஆர் பக்கம், ஒரு கடைக் கட்டிடத்தின் மாடியில், ஏசி போட்ட பத்து மீட்டர் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படி ஒரு போர்டு கண்ணில் படுகிறது. நல்ல இடங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை.

நான் ஏர் பிஸ்டல் ஓரளவு சுடுவேன், காற்றழுத்தத்தில் பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டைத் தள்ளும் பிஸ்டல். குறியை இன்னும் கொஞ்சம் தேற்றிக்கொண்டு, சான்றிதழும் வாங்கிவிட்டால் ஏதாவது பள்ளியில் பகுதிநேரக் கோச்சாகப் போகலாம் என்று எண்ணம். இவர்கள் விளம்பரத்தில் இரண்டுமே இருந்தது: 'குறி தேறும், இன்டர்நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழும் கிடைக்கும்.' டெமோ கிளாஸ் இலவசம்.

அந்த டெமோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆளைக் கவிழ்ப்பதே அங்கேதான்.

நரைத்த கிராப், விறைப்பான நடை, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினார்கள். பத்து பெல்லட் சுடச் சொன்னார். ஸ்விட்சைத் தட்டினார், டார்கெட் அட்டை கம்பியில் ஓடி வந்தது. அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஓட்டைகள் எல்லாம் இடது பக்கம், கீழே, கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"தம்பி, குறி சரியாத்தான் வைக்கிறீங்க. வெடிக்கப்போற நேரத்துல மொத்தக் கையையும் இறுக்குறீங்க. விரல் மட்டும்தான் வேலை செய்யணும்."

பிஸ்டலில் பெல்லட் இல்லை என்று எனக்குத் திறந்து காட்டிவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். "சுவரைப் பார்க்காதீங்க. ஃபிரன்ட் சைட்டை மட்டும் பாருங்க. டிரிகர் விழும்போது அது ஆடுதா, அவ்வளவுதான்." கை வலிக்கும்வரை அதையே செய்தேன். அப்புறம் மறுபடி அட்டையில் சுட்டபோது ஓட்டைகள் மேலே ஏறி நடுவில் கூடியிருந்தன. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், சட்டைப் பட்டன் அளவு. அதில் இரண்டு விழுந்திருந்தது.

அந்த மனிதர் சொன்னது அத்தனையும் உண்மை. வலது கைக்காரனுக்கு இடது கீழே போனால் பெரும்பாலும் டிரிகரில்தான் கோளாறு, விவரம் தெரிந்த யாரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு வயிறு எரிவதே இதனால்தான். போலியை வைத்து ஏமாற்றியிருந்தால்கூட ஆறியிருக்கும். அசலைக் காட்டிக் காசு வாங்கினார்கள்.

ஆபீஸ் அறையில் ஓனர். "இவர்தான் உங்க கோச். ஆறு வாரம், சனி ஞாயிறு. பாயின்ட் டூ டூ பிஸ்டலும் சுட வைப்போம். முடிச்சதும் ஸ்கூல் பிளேஸ்மென்ட். ஃபீஸ் அறுபதாயிரம், இன்னிக்கே கட்டினா 48,500." சீட்டு எடுத்த பணம் அக்கவுன்ட்டில் இருந்தது. ஜிபேயில் போட்டேன். பெயர் ஏதோ மொபைல் ஆக்சஸரீஸ் கடை என்று வந்தது. கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பிராசஸ்ல இருக்கு சார், அது என் தம்பி அக்கவுன்ட்தான்" என்றார்.

முதல் வகுப்புக்குப் போனால் அந்தப் பெரியவர் இல்லை. கல்லூரி முடித்த வயதில் ஒரு பையன், கையில் போன். யூடியூப் வீடியோவை டிவியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். பிஸ்டலில் சிலிண்டர் அழுத்தம் காட்டும் முள் அடியில் கிடந்தது. காற்று இறங்கிவிட்டால் பெல்லட் வேகம் குறையும், குறி கீழே இறங்கும். அதை வைத்துக்கொண்டு என் குறியில் என்ன தப்பென்று எப்படிச் சொல்ல முடியும்? "கம்ப்ரஸர் ரிப்பேர்ணா" என்றான். பாயின்ட் டூ டூ கடைசிவரை வரவேயில்லை. வராது. அது தோட்டா போட்டுச் சுடும் நிஜத் துப்பாக்கி, 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கு லைசென்ஸ் வேண்டும். பெல்லட் வெளியேறும் விசை 20 ஜூலுக்கு மிகாத, .177 அங்குலக் குழல் கொண்ட ஏர் பிஸ்டலுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. இவர்களிடம் இருந்தது அது மட்டும்தான், அதற்குப் பெயர் 'ஃபயர்ஆர்ம்ஸ் கோர்ஸ்'.

பெரியவரைப் பிறகு கீழே டீக்கடையில் பார்த்தேன். "எனக்கு டெமோ நாளுக்கு மட்டும்தான் காசு தம்பி. அதுலயும் பாக்கி இருக்கு" என்றார்.

சான்றிதழ் பிடிஎஃபாக வந்தது. கழுகுப் படம், தங்க பார்டர், என் இனிஷியல் தப்பு. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கம் திறக்கிறது! வேளச்சேரியில் ஒரு பள்ளிக்கு எடுத்துப் போனேன். பி.டி. மாஸ்டர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "ஐஎஸ்எஸ்எஃப் லைசென்ஸ் எந்த கிரேடு சார்? இல்லே, என்ஆர்ஏஐ கோச் கோர்ஸா?" விசாரித்ததில், உலக சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் தரும் கோச் உரிமம் டி, சி, பி, ஏ என்று படிப்படியாக ஏறுவது. இங்கே இந்த விளையாட்டுக்குத் தேசிய அமைப்பு என்ஆர்ஏஐ. விளம்பரத்தில் 'அமெரிக்கன் ஸ்டாண்டர்டு' என்று வேறு போட்டிருந்தார்கள். அங்கே 1871இல் தொடங்கிய என்ஆர்ஏ என்ற அமைப்பு பிஸ்டல், ரைஃபிள், ஷாட்கன் என்று தனித்தனியாகப் பயிற்றுநர் சான்று கொடுக்கிறது. அது வேறு, இது வேறு. என்ஆர்ஏ என்ற மூன்றெழுத்தைக் கழுகுக்குக் கீழே போட்டுக்கொண்டால் ஆயிற்றா?

பணத்தைக் கேட்டேன். ரிசப்ஷனில் அந்தப் பெண், "சார் நேஷனல்ஸுக்கு டெல்லி போயிருக்காரு." அடுத்த வாரம், "சார் மீட்டிங்ல இருக்காரு." கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. பிறகு ஒருமுறை போனை எடுத்து, "ஃபார்ம்ல நான்-ரீஃபண்டபிள்னு போட்டிருக்கே, படிக்கலையா? இன்னும் பத்தாயிரம் கட்டுங்க, அட்வான்ஸ் கோர்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிடலாம்" என்றார். 48,500 வாங்கியது போதாதென்று மேலே பத்தாயிரம். நோட்டீஸ் அனுப்புவேன் என்று மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது. அதோடு பிளாக்.

எப்படிப்பட்ட இடத்தில் சேரலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, தோன்றுவதைச் சொல்கிறேன். டெமோ எடுப்பவரே கடைசிவரை எடுப்பாரா என்று எழுதி வாங்குங்கள். சான்றிதழ் யார் கொடுப்பது என்று கேட்டு, அந்த அமைப்புக்கே மெயில் போட்டுப் பாருங்கள். தனி ஆள் அக்கவுன்ட்டுக்குப் பணம் போடாதீர்கள். 'இன்னிக்கே கட்டினா' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் 1915 என்ற நுகர்வோர் ஹெல்ப்லைனில் பதிந்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ரசீது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், சாட் எதையும் அழிக்காதீர்கள். அதே மாடியில், அதே கழுகுச் சான்றிதழ் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள். என்னுடைய 48,500க்கு நான் கேஸ் போடப் போகிறேன், சேர்ந்தே போடலாம்.