காரங்காடு வரை போய்வந்த பைனாகுலர்

போன மாதம் 7,200 ரூபாய்க்கு ஒரு 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) வாங்கினேன். காரைக்குடி வீட்டு மாடியில் நின்று எதிர்வீட்டு முகப்புச் சுதைப் பொம்மைகளைப் பார்த்தவரை குறை ஒன்றும் தெரியவில்லை. உப்புக்காற்றில் எப்படி என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் தேவகோட்டை, திருவாடானை, தொண்டி வழியாகக் காரங்காட்டுக்குக் கிளம்பினேன். ஆயாவும் கூட வந்தார்கள்.

இறங்கி உறையைத் திறந்தால் கண்ணாடி முழுக்க ஆவி. ஏசி காரில் குளிர்ந்த கண்ணாடியில் கடற்காற்றின் ஈரம் படிந்துவிட்டது, கருவியின் தப்பில்லை. உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பதால் உட்பக்கம் பனிக்கவில்லை. கடைசி அரைமணி ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால் போதும்.

வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து விடுகிற படகில் அலையாத்திக் காட்டுக்குள் போனோம். '10×50 வாங்கு' என்ற மச்சானை அங்கேதான் நினைத்துக்கொண்டேன். படகு ஆடும்போது எட்டு மடங்கே கையில் நிற்கவில்லை, பத்து மடங்கு என்றால் கடலும் வானமும் சேர்ந்து குதிக்கும். எட்டில் விராலடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகு ஒன்றைப் பார்வையில் பிடித்துவிட்டேன். மீனை அகலவாட்டில் தொங்கவிடாமல், தலை முன்னால் பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு பறந்தது. பின்னாலேயே ஒரு செம்பருந்து.

சேற்றுத் திட்டில் நாற்பது பூநாரை இருக்கும். வெறும் கண்ணுக்கு வெள்ளைக்கோடு, இதில் இளஞ்சிவப்பு அலகும் கறுத்த நுனியும் தெளிவாக வந்தன. பெரிய பூநாரைதான், சின்னதென்றால் அலகே கருஞ்சிவப்பாக இருக்கும். பக்கத்தில் அரிவாள் மூக்கோடு கோட்டான் இரண்டு. நமக்குக் கோட்டான் என்றால் ஆந்தை, பறவைப் புத்தகக்காரர்களுக்கு இது!

ஆயா வாங்கிப் பார்த்து, "ஆவுளியா தெரியுமாடா?" என்றார்கள். கடற்பசுவுக்காக 2022இல் அறிவித்த காப்பகம் வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கடலில் இருக்கிறது ஆயா, அங்கே போனாலும் அது மூச்சுவிட மேலே வந்தால்தான் உண்டு என்றேன். திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களுக்கு மூக்குக்கண்ணாடி வேண்டாம். எனக்கு வேண்டும், அதனால் கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையத்தை மடக்கினாலும் காட்சி ஓரத்தில் வெட்டுப்படுகிறது.

மூன்று மீட்டருக்குள் எதுவும் தெளிவாவதில்லை. அலையாத்தியின் மூச்சு வேர்களுக்கு நடுவே ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்த நண்டுகளை வெறும் கண்ணால்தான் பார்த்தேன். கழுத்துப் பட்டை மெல்லிசு, மதியத்துக்குள் அறுத்துவிட்டது.

பெரிய குறை, வலதுகண்ணுக்குச் சரிசெய்யும் வளையம் தொளதொளவென்று இருப்பது. உறையில் உரசினாலே திரும்பிவிடுகிறது. விற்றவர்களைக் கூப்பிட்டேன், "போகப் போகப் பழகிடும் சார்" என்றார்கள். எனக்கா, வளையத்துக்கா, கேட்கவில்லை. இப்போது எலக்ட்ரிக் டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.