குறட்டைக்கு மெஷினா, மவுத்பீஸா?

குறட்டைக்காக ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சை அளக்கும் சோதனை, எடுத்ததில் எனக்கு வந்த எண் 22. தூக்கத்தில் மணிக்கு 22 தடவை மூச்சு நிற்கிறது, அல்லது வெகுவாகக் குறைகிறது. ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. டாக்டர் எழுதிக் கொடுத்தது சிபாப் மெஷின்.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதை ஒட்டிக்கொள்கிறது. மாஸ்க் வழியாக விடாமல் காற்றை அழுத்தி அதைத் திறந்தே வைக்கிறது மெஷின். ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட முறை இது. மாட்டியிருக்கும் வரைக்கும் இதற்கு ஈடு கிடையாது. சிக்கலே அந்த மாட்டியிருப்பதில்தான். முதல் வாரம் மூக்குத்தண்டு சிவந்து புண்ணானது. பட்டையைத் தளர்த்தினால் காற்று கசிந்து நேரே கண்ணுக்குள் அடிக்கும். இறுக்கினால் மறுபடி புண். விழுங்கிய காற்றில் காலையில் வயிறு பானை மாதிரி உப்பியிருக்கும். ஒரு நாள் ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போய், மாஸ்கோடு திணறி எழுந்து உட்கார்ந்தேன். இன்வெர்ட்டரில் அந்த பிளக்கை இணைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூக்கில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்குக்கு மாறி, ஈரப்பதத் தொட்டியையும் சேர்த்த பிறகு பாதி தொல்லை போனது. சைஸ் சரியில்லாத மாஸ்கோடு மல்லுக்கட்டிவிட்டு மெஷினையே பரணில் ஏற்றுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

மவுத்பீஸ் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்வது. கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பிடிக்கும். கூடவே நாக்கும் முன்னுக்கு வரும். கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை. எண்ணைக் குறைப்பதில் மெஷினுக்கு ஒரு படி கீழேதான். ஆனால் மூன்று மணி நேரத்தில் பிடுங்கி எறியும் மெஷினைவிட விடியும் வரை வாயில் கிடக்கும் மவுத்பீஸ் மேல். கடுமையான வகை என்றால் இந்தக் கணக்குச் செல்லாது, மெஷினோடு போராடித்தான் ஆகவேண்டும். ஆட்டம் காணும் பல்லோ பல்செட்டோ இருந்தாலும் பெரும்பாலும் சரிப்படாது.

மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு நிற்பவர்களுக்குச் செலவே இல்லாத வழி உண்டு: பனியன் முதுகில் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்வது. சிரிக்காதீர்கள், புரண்டால் குத்தும், தானாக ஒருக்களிப்பீர்கள். எடை குறைந்தால் எல்லா வழியும் சுலபமாகும். உடல்பருமனோடு நடுத்தர, கடுமையான வகை உள்ளவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது; பலன் தெரிய மாதக்கணக்காகும். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சில் பதிக்கும் ஆபரேஷனும் உண்டு. அது கடைசிப் படி.

இப்போது எனக்கு வீட்டில் மெஷின், ரயிலில் மவுத்பீஸ். கழற்றிய அரைமணி நேரத்துக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. இறங்கியதும் இட்லியைக்கூட ஒரு பக்கமாகத்தான் மெல்ல வேண்டியிருக்கிறது.