லிப்எம்என்எல்: கையடக்க நூலகம், பஃபர் கணக்கு மட்டும் நம் பொறுப்பு

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் லினக்ஸ் பெட்டியில் பிபிபிஓஇ (வாடிக்கையாளர் லாகின் செய்து இணையும் முறை) சர்வர் ஓட்டும் இன்டர்நெட் ஆபரேட்டர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பரீட்சை. கரண்ட் போய் வந்ததும் ஒரு ஃபீடரில் உள்ள ரூட்டர்கள் அத்தனையும் ஒரே மூச்சில் லாகின் ஆகும். ஒவ்வொரு இணைப்புக்கும் லிங்க், அட்ரஸ், ரூட் என்று லினக்ஸின் மையமான கர்னல், புரோகிராம்களோடு பேசும் நெட்லிங்க் சாக்கெட் வழியே செய்திகளைக் கொட்டும். அவற்றைப் பிடித்து யார் லைனில் இருக்கிறார் என்று சொல்லும் கண்காணிப்பு புரோகிராமுக்கு, லினக்ஸ் ஃபயர்வாலைச் செய்யும் நெட்ஃபில்டர் திட்டத்தின் லிப்எம்என்எல் என்ற சிறிய சி நூலகத்தையே பரிந்துரைக்கிறோம். இதே வேலைக்கான பெரிய நூலகமான லிப்என்எல் போல கேஷ் (வந்த விவரங்களின் நகல்) கட்டித் தராது. அதனால்தான் நினைவகம் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் டம்ப், அதாவது இருக்கும் பட்டியல் முழுவதையும் கர்னலிடம் கேட்டு வாங்குவது. செய்தியை வாங்கி வைக்கும் பஃபரின் வழக்கமான அளவு இந்த நூலகத்தில் ஒரு பேஜ் (நினைவகத்தின் அடிப்படைத் துண்டு), உச்சம் 8 கேபி. டம்புக்கு அது போதாது, 32 கேபி கொடுங்கள். நீங்கள் கொடுத்த பஃபரைப் பார்த்துத்தான் கர்னல் அடுத்த துண்டுக்கு 32 கேபி வரை ஒதுக்கிப் பார்க்கும். கிடைக்காவிட்டால் அடம்பிடிக்காமல் சிறிய அளவுக்கு இறங்கிவிடும். ஆக, பெரிய பஃபரால் நஷ்டம் இல்லை, கர்னலை அழைக்கும் சிஸ்டம் கால்தான் குறையும்.

சிக்கல் பிரிக்க முடியாத ஒற்றைச் செய்தியில். ஒரு நெட்வொர்க் கார்டைப் பல மெய்நிகர் கார்டுகளாக (விஎஃப்) பிரிக்கும் எஸ்ஆர்-ஐஓவி கார்டில் நிறைய விஎஃப் போட்டிருந்தால் ஒரே இன்டர்ஃபேஸின் விவரமே பல பத்து கேபி ஆகும். டம்பில் அதற்குத் தொடர்ச்சியான நினைவகம் வேண்டும். பத்து இடத்தில் பத்துக் குழி நிலம் கிடந்தால் ஒரு களம் போட முடியாது. ஃப்ரீ மெமரி நிறையக் காட்டினாலும் லாக்கில் ‘பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர்’ வருவது இதனால்தான். புதிய கர்னல்களில் ஒற்றை இன்டர்ஃபேஸைக் கேட்கும் கெட்லிங்க் பதிலுக்கு, சிதறிய பேஜ்களைச் சேர்த்து ஒதுக்கும் விஎம்அலாக் வழி இருக்கிறது. ஆனாலும் செய்திக்குள் இருக்கும் ஒரு அட்ரிபியூட்டின் (விவரப் புலம்) நீளத்தைக் குறிக்கும் எண் 16 பிட், அதனால் நீளம் 65,535 பைட்டைத் தாண்டாது. விஎஃப் விவரம் தேவையில்லை என்றால் கூடுதல் விவரம் கேட்கும் எக்ஸ்ட் மாஸ்க்கில் அதைக் கேட்காதீர்கள். கேட்காததை கர்னல் அனுப்பாது. பஃபர் சிறிதாகி செய்தி வெட்டுப்பட்டால் நூலகத்தின் ரெசிவ்ஃப்ரம் ஃபங்ஷன் ஈநோஸ்பேஸ் (ENOSPC) என்ற பிழையைத் தரும். மௌனமாக விழுங்காதது இந்த நூலகத்தின் நேர்மை.

மழைநாள் செய்தி வெள்ளத்தில் வருவது வேறு பிழை, ஈநோபஃப்ஸ் (ENOBUFS). இது நீங்கள் கொடுத்த பஃபரால் அல்ல, கர்னல் பக்கம் சாக்கெட்டின் ரிசீவ் பஃபர் நிரம்பியதால். செய்தியின் நீளம் மட்டுமல்ல, அதற்கு ஒதுக்கிய நினைவகம் முழுவதும் கணக்கில் ஏறும். வழக்கமான 2,12,992 பைட் சீக்கிரம் தீர்ந்துவிடும். சாக்கெட் அமைப்புகளை மாற்றும் லிப்எம்என்எல்லின் செட்சாக்ஆப்ட் நெட்லிங்க் மட்டத்துக்கு மட்டுமே. ஆகவே சாக்கெட்டின் ஃபைல் டிஸ்கிரிப்டரை (சாக்கெட்டைக் குறிக்கும் எண்) வாங்கி, எஸ்ஓ_ஆர்சிவிபஃப்ஃபோர்ஸ் மூலம் 4 எம்பி வையுங்கள். அதற்கு நெட் அட்மின் (CAP_NET_ADMIN) அனுமதி வேண்டும். அப்போதும் பிழை வந்தால் சில செய்திகள் தொலைந்துவிட்டன என்று பொருள். முழு டம்பை மறுபடி எடுப்பது ஒன்றே வழி. ‘நோ ஈநோபஃப்ஸ்’ ஆப்ஷனைப் போட்டு மறைப்பவர்கள், துண்டான வாடிக்கையாளரை லைனில் இருப்பதாகக் காட்டுவார்கள்.

நிகழ்வுக்கு ஒரு சாக்கெட், டம்புக்கு இன்னொன்று. நிகழ்வுக் குழுவில் முதலில் சேர்ந்துவிட்டு அப்புறம் டம்ப் கேளுங்கள், இல்லையேல் இடையில் நடந்த மாற்றம் தவறும். டம்ப் நடுவே பட்டியல் மாறினால், செய்திகளைப் பிரித்துப் படிக்கும் சிபி_ரன் ஃபங்ஷன் ஈஇன்டர் (EINTR) பிழையைத் தரும், மறுபடி கேளுங்கள். எந்த சாக்கெட்டில் எத்தனை தொலைந்தது என்பது /ப்ராக்/நெட்/நெட்லிங்க் ஃபைலின் டிராப்ஸ் பத்தியில் இருக்கும்.

ஆவணம் சுருக்கம், எடுத்துக்காட்டு நிரல்கள் தெளிவு. சி தெரிந்தவருக்குத் தாராளமாகப் போதும்.